இடது கையில் எடுக்க மாட்டார்கள்

பிப்ரவரி 9

கொசுவுக்கு,

யார் எழுதுகிறார்கள் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. அக்காதான். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், கண்டுகொள்ளாதே.

போனில் பேசலாமே என்பாய். அம்மா போன பிறகு இந்த இரண்டு வருஷமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் எடுக்காதவள், இப்போது நானாகக் கூப்பிட்டால் என் மானம் என்ன ஆவது? அதுவும் போக, போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், உன் மாமா நடுவில் வந்து போனைப் பிடுங்குவார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் கத்துவது உனக்குக் கேட்காது.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். உன் தொழில் சம்பந்தப்பட்டது, வேறு யாரிடம் கேட்பது? இங்கே ஆஸ்பத்திரியில் எனக்கு அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். வயசானால் எடுப்பார்களே, அந்தச் சாதாரண செக்கப்தான். ஆனால் நரம்பு கிடைப்பதில்லை. ஒருத்தி தட்டுகிறாள். இன்னொருத்தி தடவுகிறாள். மூன்றாவதாக ஒருத்தி வந்து, "ஏம்மா, உங்க நரம்பெல்லாம் எங்க போய் ஒளிஞ்சுக்கிச்சு?" என்று என்னையே கேட்கிறாள். தெரிந்தால் நானே பிடித்துக் கொடுக்க மாட்டேனா? போன தடவை வீட்டுக்கு வரும்போது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கத்தரிக்காய் நிறம்.

நரம்பு வெளியே வர ஏதாவது வழி இருந்தால் எழுது. அதை மட்டும் எழுது.

கடை நடக்கிறது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் இந்த வருஷமும் நம்மிடம்தான். ஹெம்மிங், பட்டன், காஜா இதற்கெல்லாம் ஒரு அம்மாவை வேலைக்கு வைத்துவிட்டேன். கை ஊசியை நான் இப்போது தொடுவதில்லை, மிஷினோடு சரி.

அம்மா விஷயத்தில் என் மனசு இறங்கிவிட்டது என்று கனவு காணாதே. அது அப்படியேதான் இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

உறையைத் திருப்பித் திருப்பித்தான் பார்த்தேன். பிறகு டியூட்டிக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போய், மாடிப்படியில் நின்று பிரித்தேன். "கொசுவுக்கு" என்று இருந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயசில் உன் காதருகே நைநை என்று பேசிக்கொண்டே இருந்ததற்காக நீ வைத்த பேர். கடைசியில் ரத்தம் எடுக்கிற வேலைக்கே வந்து சேர்ந்தேன். வார்டில் என் தலையைக் கண்டதும் நோயாளிகள், "ரத்தக்காட்டேரி வந்துட்டாப்பா" என்கிறார்கள். கொசு எவ்வளவோ பரவாயில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் குடி. வெறும் வயிற்றோடு வரச் சொன்னாலும் வெறும் தண்ணீர் குடிக்கலாம், ஒருமுறை அவர்களிடமும் கேட்டுக்கொள். கிளம்புமுன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திரு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து குளிர்க்காற்றை வாங்காதே. அங்கே போனதும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார். குழந்தைகளுக்கு எடுக்கிற சின்ன ஊசியைக் கேள், வெட்கப்படாதே. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்வார்கள், நம்பாதே. நானும் தினம் நூறு தடவை சொல்கிறேன்.

முக்கியமானது ஒன்று. ஒரே ஆள் இரண்டு தடவைதான் குத்தலாம். இரண்டும் தப்பினால் மூன்றாவது தடவைக்கு வேறு ஆளைக் கூப்பிட வேண்டும். கையில் திறமை இல்லாததால் இல்லை. இரண்டு தடவை தப்பின கைக்கு ரோஷம் வந்துவிடும், ரோஷத்தோடு ஊசி பிடிக்கக் கூடாது. யாராவது மூன்றாவது தடவை குத்த வந்தால் கையை இழுத்துக்கொள்.

ஆனால் உனக்கு ஏன் இந்தப் பாடெல்லாம்? இடது கையை நீட்டு! முழங்கை மடிப்பில், மச்சத்துக்கு ஒரு விரல் தள்ளி, கயிறு மாதிரி ஒரு நரம்பு ஓடுமே. எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ரப்பர் பொம்மைக் கையில் குத்திப் பழகிவிட்டு, உயிருள்ள கை வேண்டுமென்று நான் வந்து நின்றபோது நீதானே சாப்பாட்டு மேஜையில் கையை நீட்டினாய். "வலது கை கத்திரிக்கோல் பிடிக்கணும். இந்தக் கை உனக்குடி, என்னமோ பண்ணிக்க" என்றாய். நான் இரண்டு தடவை தப்பவிட்டேன், நீ பல்லைக் கடித்துக்கொண்டு கல்யாணப் பட்டுப் புடவைக்கு எந்த நிற ரவிக்கை பொருந்தும் என்று பேசிக்கொண்டே இருந்தாய். அந்தக் கையில் பழகித்தான் இன்று வரைக்கும் சாப்பிடுகிறேன்.

அம்மா விஷயம் எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அன்றைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்க, அம்மா கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். அம்மா, "இன்னிக்கு வேண்டாம்டி" என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் புத்தி தெளிவாக இருந்தது. இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன், வேண்டாம் என்றாள். விட்டுவிட்டேன். மறுநாள் மதியம் போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்கிறவருடைய கையில் குத்த எனக்கு உரிமை இல்லை அக்கா, அது பெற்ற தாயாக இருந்தாலும். இதை எத்தனை தடவை சொன்னாலும் உனக்குக் கோபம்தான் வரும் என்று தெரியும்.

அவள் அறையை அப்படியே வைத்திருக்கிறேன். நான் ஒருத்திதானே, எனக்கு எதற்கு இரண்டு அறை. நீ வந்தால் அங்கே படுக்கலாம்.

கொசு


மார்ச் 2

கொசுவுக்கு,

வெந்நீர் வேலை செய்தது. முதல் குத்திலேயே வந்துவிட்டது. எடுத்தவளுக்கு என்னைவிடச் சந்தோஷம். அதற்கு மட்டும் நன்றி.

இடது கையைச் சொன்னாய். அதில் எடுக்க மாட்டார்கள். அதை விடு.

மற்றதற்கு வருகிறேன். உரிமை, உரிமை என்று எழுதியிருக்கிறாய். ஊரில் இருக்கிறவர்கள் கையையெல்லாம் பிடித்து எடுக்கிறவள், பெற்றவள் கையை மட்டும் விட்டுவிட்டாய். குழந்தைகள் மருந்து வேண்டாம் என்றால் விடுகிறோமா? மூக்கைப் பிடித்து ஊற்றுவதில்லையா? அன்றைக்கு எடுத்திருந்தால் ரத்தத்தில் உப்பு ஏறியிருப்பது தெரிந்திருக்கும், ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள் என்று அந்த டாக்டரே சொன்னார். சேர்த்து என்ன ஆகியிருக்கும் என்பது வேறு என்று நீ சப்பைக்கட்டு கட்டாதே. நான் வந்து சேர்ந்திருப்பேன். ஒரு ராத்திரி ரயில். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்திருப்பாள். எனக்குக் கிடைத்தது மூடின கண். அந்தக் கணக்கை யாரிடம் போய்த் தீர்ப்பது?

குத்திக் காட்டுகிறேன் என்று நினைப்பாய். ஆமாம். நீ குத்தி எடுக்கிறவள், நான் குத்திக் காட்டுகிறவள். இரண்டு பேர் பிழைப்பும் ஊசியில்தானே.

அம்மா அறையில் வந்து படுக்கச் சொல்கிறாய். அந்த வீட்டு வாசலை மிதிக்க எனக்குத் தெம்பு இல்லை.

அக்கா


மார்ச் 6

அக்கா,

இடது கையில் ஏன் எடுக்க மாட்டார்கள்?

உன் கடிதத்தை வார்டில் வைத்துத்தான் படித்தேன். அந்த இடது கை வரியைத் தாண்ட முடியவில்லை. அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படிக்கவே வீட்டுக்கு வந்தபிறகுதான் முடிந்தது.

எங்கள் வேலையில் ஒரு கையைத் தொடாதே என்று சொல்ல நாலே காரணம்தான். அந்தக் கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீரகம் கெட்டு, மிஷினில் ரத்தம் சுத்தம் செய்கிறவராக இருக்க வேண்டும். இல்லை, பக்கவாதம் வந்த பக்கமாக இருக்க வேண்டும். நீ கடைக்கு நடந்து போகிறாய், மிஷின் மிதிக்கிறாய், வாய் வேறு முன்னை மாதிரியே இருக்கிறது. அதனால் இவை மூன்றும் இல்லை.

மிச்சம் ஒன்றுதான். மார்பில் ஆபரேஷன் செய்து அக்குள் வரைக்கும் எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையில் ஊசி குத்தக் கூடாது, பட்டை கட்டக் கூடாது. வீங்கிவிடும். எங்கள் வார்டில் கட்டில் தலைமாட்டில் அட்டை தொங்கும், "இடது கை கூடாது" என்று. அதைப் பார்த்ததும் பேசாமல் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நிற்பேன். எத்தனையோ பேருக்கு அப்படி நின்றிருக்கிறேன். ஹெம்மிங்குக்கு ஆள் வைத்ததாக நீ எழுதினபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தையல்காரிக்கு இடது கை விரலில்தானே ஊசி ஏறும். என் மரமண்டைக்கு ஏறவில்லை. அந்தக் கையைப் போய் நீட்டு என்று வேறு எழுதித் தொலைத்தேன்.

எப்போது ஆபரேஷன்? யார் பக்கத்தில் இருந்தார்கள்? அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் மருந்து ஏற்றுகிறார்களா? அதனால்தான் வலது கை நரம்பெல்லாம் சுருங்கிவிட்டதா?

நான் வரட்டுமா? லீவு கேட்டால் கொடுப்பார்கள். ஒரு வார்த்தை எழுது, போதும்.

கொசு


மார்ச் 15

கொசுவுக்கு,

கெட்டிக்காரிதான். ஒரு வரியில் வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். உனக்கு எழுதியதே என் புத்தியின் கோளாறு.

போன ஆகஸ்டில் எடுத்தார்கள். மாமா பக்கத்தில் இருந்தார். ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாராம், நர்ஸ் சொல்லிச் சிரித்தாள். பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டினது, முளைத்தது, பூனை மயிர் மாதிரி. இடது கை வீங்கித்தான் இருக்கிறது, துணியைத் தள்ளினால் கனக்கிறது. ரவிக்கையில் ஒரு பக்கம் பஞ்சு வைத்து நானே தைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் அளவு எடுத்தவள் முதல் தடவையாக என் அளவை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு யாருக்கும் தெரியாது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் ஓடி வந்திருப்பாய். வந்து என் கட்டிலருகே நின்றுகொண்டு கஷ்டப்பட்டுச் சிரிப்பாய், டாக்டரிடம் எனக்குத் தெரியாத வார்த்தைகளில் பேசுவாய், எனக்கும் மனசு இளகிவிடும். அப்புறம் அம்மாவுக்காகக் கோபப்பட யார் இருப்பார்கள்? நான் ஒருத்திதானே மிச்சம். உடம்பு சரியில்லை என்பதற்காக அந்தக் கோபத்தை விட்டுக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. இதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

வராதே. வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறேன், என் புத்தியும் தெளிவாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்றால் விட்டுவிடுவதுதானே உன் தொழில் தர்மம்? அம்மாவிடம் காட்டின அதே மரியாதையை எனக்கும் காட்டு.

அக்கா


மார்ச் 30

அக்கா,

நீ எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். என் ஊசியையே பிடுங்கி என்னைக் குத்தியிருக்கிறாய். சரியான இடத்தில்தான் குத்தியிருக்கிறாய்.

உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் கெஞ்சியிருப்பேன், இல்லையென்றால் சண்டை போட்டிருப்பேன். இந்த இரண்டு வாரமும் வேலையில் போய் ஒளிந்துகொண்டேன். காலையில் வார்டு, மதியத்துக்கு மேல் வீடு வீடாக. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே போய் எடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அதில் ஒரு கண்டக்டர் ஐயா இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நுழைந்தால், "உள்ள போங்க, உள்ள போங்க, சீட்டு காலியா இருக்கு" என்பார். பட்டையை அவிழ்த்ததும், "போலாம் ரைட்!" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே ஜோக், ஒவ்வொரு தடவையும் நான் சிரிப்பேன்.

போன வாரம் வழக்கம்போல் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அவர் மனைவி கதவைத் திறந்து என் பெட்டியைப் பார்த்தாள். "ஐயோ, உங்களுக்குச் சொல்ல மறந்துட்டோமே கண்ணு" என்றாள். முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டது. அவளே என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் பேர் போட்டு, ரத்தக் குப்பியில் ஒட்ட வைத்திருந்த லேபிள்கள் என் பையில் இருந்தன. இறங்கும்போது படிக்கட்டில் நின்று அழுதேன். அவருக்காக மட்டும் அழவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா போனபோது நீ கத்தின கத்தில் சொல்ல முடியவில்லை. பிறகு நீ போனை எடுக்கவில்லை.

அன்றைக்கு அம்மா கையை இழுத்துக்கொண்ட பிறகு என்ன சொன்னாள் தெரியுமா? "நீ எப்ப வந்தாலும் ஊசியோடதான்டி வர்ற. கையத் தொட்டா நரம்பத்தான் தேடுற. ஒரு நாளாவது சும்மா வாயேன்" என்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒரே வீட்டில்தானே இருக்கிறோம், இவள் ஏன் வா என்கிறாள் என்று நினைத்தேன். பெட்டியைக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, திரும்ப வாசல் வழியாக வருகிற மாதிரி வந்தேன். அவளுக்குச் சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். உன்னைப் பற்றித்தான் பேசினாள். நீ ஸ்கூல் ஆண்டு விழாவுக்குத் தைத்துக்கொடுத்த பாவாடையில் நாடா உருவிக்கொண்டு நான் மேடையில் நின்ற கதையை முழுசாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். அது நல்ல சாயங்காலம் அக்கா. நீ என்னை வேறு எதற்கு வேண்டுமானாலும் திட்டு, அந்தச் சாயங்காலத்துக்காகத் திட்டாதே. அது இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே இல்லை.

நீ மூடின கண்ணைத்தான் பார்த்தாய் என்று எழுதியது என்னை வதைக்கிறது.

இப்போது கேட்கிறேன், இரண்டாவது தடவையாக. நான் வரட்டுமா? உனக்கு மருந்து கொடுக்க இல்லை, டாக்டரிடம் பேச இல்லை. வந்து பக்கத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான்.

இதற்கும் நீ வேண்டாம் என்றால் மூன்றாவது தடவை நான் கேட்க மாட்டேன். காரணம் உனக்குத் தெரியும். மூன்றாவது தடவைக்கு வேறு ஆளைத்தான் கூப்பிட வேண்டும். மாமாவை விட்டுக் கேட்கச் சொல்லலாம். அது உன்னை ஏமாற்றுகிற மாதிரி, செய்ய மாட்டேன்.

தண்ணீர் குடிக்கிறாயா?

கொசு


ஏப்ரல் 8

கொசுவுக்கு,

வேண்டாம்.

தண்ணீர் குடிக்கிறேன்.

அக்கா


மே 27

கொசுவுக்கு,

இதை ஒரே நாளில் எழுதவில்லை. நாலு வரி எழுதுவதற்குள் களைப்பாகிறது, மாமா காகிதத்தைப் பிடுங்கி வைக்கிறார், மறுநாள் கெஞ்சி வாங்குகிறேன். அங்கங்கே மை வேறாக இருக்கும்.

நீ சொன்னபடி நடந்துகொண்டாய். ஒரு கடிதம் இல்லை. மாமாவிடமும் கேட்டேன், உன்னிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை என்றார். முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் தபால்காரர் வருகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தேன். இப்படி ஒரு பிடிவாதக்காரி என் தங்கையா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன் என்பது எனக்கே மறந்து போகும்.

விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். மறுபடி வந்துவிட்டது. இந்தத் தடவை முதுகெலும்பில், ஈரலில். கடையைச் சாத்தியாகிவிட்டது. யூனிஃபார்ம் துணிகளை ஹெம்மிங் போடுகிற அம்மா எடுத்துக்கொண்டுபோய் முடித்துக் கொடுத்தாள். காலர் வைத்ததில் குறை சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாது என்று ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் அனுப்புகிறார்கள். உன்னை மாதிரியே ஒரு பெட்டி. நடுத்தர வயசுக்காரர், வழுக்கை, வாசலில் செருப்பை விடும்போதே தொண்டையைக் கனைத்துக்கொண்டு வருவார். ஒவ்வொரு தடவையும், "உங்க முழுப் பேரு, பிறந்த தேதி சொல்லுங்கம்மா" என்பார். மாமா எரிந்து விழுவார், "எத்தனை தடவைய்யா கேப்ப? அவ பேரு மாறிடுமா?" என்று. எனக்கு அது பிடிக்கும். இந்த வீட்டில் என் பேரை நான் வாய்விட்டுச் சொல்வது அப்போது மட்டும்தான்.

போன வாரம் வந்தார். பட்டையைக் கட்டினார். வலது கையில் இனிக் குத்த இடமே இல்லை, புறங்கையில் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "இன்னிக்கு வேண்டாம்ப்பா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைத்தது.

அவர் உடனே பட்டையை அவிழ்த்துவிட்டார். மாமா கத்தினார். "நோயாளின்னா ஆயிரம் சொல்லுவா! வேண்டாம்னு சொன்னா விட்டுடுவியா? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று. கொசு, அன்றைக்கு அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நான் உன்னிடம் கத்தினதும் இதேதான், "வேண்டாம்னு சொன்னா விட்டுடுவியா?" என்று. அன்றைக்கு நின்றுகொண்டு கத்தினேன். இப்போது படுத்துக்கொண்டு கேட்டேன். படுத்துக்கொண்டு கேட்டால் அந்த வார்த்தைகள் வேறு மாதிரி இருக்கின்றன. என்னைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் ஒருவரும் என்னிடம் பேசவில்லை.

அந்த மனுஷர் மாமாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்து, "எதுக்கு எடுக்கறோம்னு தெரியுமாம்மா? எடுக்கலைன்னா என்ன ஆகும்னு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப சரிம்மா" என்றார். ஊசியைப் பிரிக்காமலே பெட்டிக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அழுதேன். வலியால் இல்லை. ஒன்பது மாசமாக எல்லாரும் என் உடம்பை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாக அது மறுபடி என்னுடையதாக இருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். நீ பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தபோது அவள் சிரித்தாள் என்று எழுதினாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பாவாடை நாடா கதை பொய். நாடா சரியாகத்தான் கோத்திருந்தேன், நீதான் அவிழ்த்து விளையாடினாய்.

மன்னிப்பு கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இனிமேல் பழகவும் நேரமில்லை. அந்தக் கோபத்தை இறக்கி வைத்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்துகொள்.

நேற்று டாக்டர் வந்தார். இனி ரத்தம் எடுக்க வேண்டாம் என்றார். எடுத்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லையாம். எவ்வளவு நாள் என்று மாமா வெளியே போய்க் கேட்டார், திரும்பி வந்து என்னிடம் சொல்லவில்லை. அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது.

மூன்றாவது தடவை நீ கேட்க மாட்டாய், வேறு ஆள்தான் கேட்க வேண்டும் என்றாய். சரி, நான்தான் அந்த வேறு ஆள். நான் கேட்கிறேன். வா. இது கிடைத்த அன்றைக்கே ராத்திரி ரயிலைப் பிடி. கண் திறந்திருக்கும்போது வா.

பெட்டியைக் கொண்டு வராதே. வந்ததும் எல்லாரையும் போல வலது பக்கம் போய் நிற்காதே, அங்கே மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கம் காலியாக இருக்கிறது. ஊசிக்கும் பட்டைக்கும்தான் கூடாது என்றார்கள், ஆனால் ஆஸ்பத்திரியில் என் கட்டிலிலும் தொங்கின அந்த அட்டையைப் பார்த்தாலும் பார்த்தார்கள், அன்றிலிருந்து இந்தக் கையை ஒருவரும் தொடுவதில்லை. மாமாவுக்கும் பயம். வலிக்குமோ, வீங்குமோ என்று. போர்வைக்கு வெளியே அது பாட்டுக்குக் கிடக்கிறது. சும்மா பிடித்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நீ வந்து பிடித்துக்கொள். சாப்பாட்டு மேஜையில் வைத்து அப்போதே சொன்னேனே, இந்தக் கை உனக்குத்தான்.

அக்கா